நாற்பதாவது புத்தகம்

காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கோங்க சார். இந்தப் பையை உங்க பக்கம் சாய்ச்சு வச்சுக்கிறேன். மிதிச்சுறாதீங்க, துணிமணி இல்லை, புஸ்தகம். ஒரே ஒரு புஸ்தகம்தான், கனத்தைத் தூக்கிப் பாருங்க. செங்கல்லு கனம் இருக்கும். ஆனா செங்கல்லை விட உயரம் ஒரு விரல் கம்மி. அந்த ஒரு விரல்லதான் கதையே இருக்கு, சொல்றேன்.

நான் யூனிவர்சிட்டி ஸ்டாப்ல இறங்கணும். பதினோரு மணிக்கு வைவா. எனக்கு இல்லை சார், நீங்க ஒண்ணு. நான் மூணாங்கிளாஸ். எங்க இன்ஜினியர் மேடத்துக்கு வைவா. ஜெசிந்தா மேடம். அவங்க ஒரு ரிப்போர்ட்டு எழுதியிருக்காங்க. நாலு பெரிய ஆளுங்க எதிர்ல உக்காந்து அதுல கேள்வி கேப்பாங்களாம், இவங்க நின்னுகிட்டே பதில் சொல்லணுமாம். பொண்ணு பார்க்கிற மாதிரின்னு எங்க சித்தாளு பஞ்சவர்ணம் சொல்லுது. யார் வேணும்னாலும் பின்னால உக்காந்து பார்க்கலாம்னு சொன்னாங்க. நேத்து மேடம் போன் பண்ணி, மேஸ்திரி நீங்க கட்டாயம் வரணும், புஸ்தகத்தையும் மறக்காம எடுத்துட்டு வரணும்னாங்க. அதான் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருக்கேன்.

என் பேரு அழகுமலை. கட்டட வேலையில நாப்பத்தொரு வருஷம். இந்த நாப்பத்தொரு வருஷத்துல என்னை ஒருத்தரும் ஆதாரம் கேட்டதில்லை சார். சுவர் நேரா இருக்கான்னா தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துக்குவாங்க, அவ்வளவுதான். இந்த ரெண்டு வருஷமாத்தான் ஆதாரம், ஆதாரம்னு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, கனவுல கூட எவனோ வந்து நீ அழகுமலைதான்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேக்கிறான்.

யூனிவர்சிட்டிக்குப் புதுசா லைப்ரரி கட்டுறோம். பழைய லைப்ரரி ஒழுகுது, இடிச்சுட்டுக் கட்டுங்கன்னுட்டாங்க. எட்டு மாசத்துல முடிக்கணும்னு பேச்சு. இப்ப மூணாவது வருஷம் நடக்குது. சிரிக்காதீங்க சார். எங்க பக்கம் ஒரு தப்பும் கிடையாது. மணல் வரலை. மணல் வந்தப்ப மழை வந்துச்சு. துணைவேந்தர் மாறினாரு, வந்தவரு வாசல் கிழக்கப் பார்க்கணும்னுட்டாரு, போட்ட படியை உடைச்சு இந்தப் பக்கம் போட்டோம். அவரும் மாறினாரு. இப்ப கட்டடத்துக்கு ரெண்டு பக்கமும் படி இருக்கு, ஒண்ணுல ஏறினா சுவருதான் இருக்கும். இதெல்லாம் நாங்க என்ன பண்ண முடியும்?

புஸ்தகம் எல்லாம் எங்க போச்சுன்னு கேக்கிறீங்களா? அதைச் சொல்லணும்ல. இடிக்கிறதுக்கு முன்னால புஸ்தகத்தை எல்லாம் வெளிய எடுத்தாங்க. பெட்டி பத்தலை. லைப்ரரிக்காரரு எங்ககிட்ட வந்து காலிச் சிமெண்டுச் சாக்கு இருக்குமான்னாரு. குடுத்தோம். ஆயிரத்து நூறு சாக்கு சார். சாக்கு மேல என்ன புஸ்தகம்னு சாக்பீஸ்ல எழுதியிருந்தாரு. வச்சது எங்க தகர ஷெட்டுல. முத மழையிலயே சாரல் அடிச்சு சாக்பீஸ் பூரா அழிஞ்சு போச்சு. அன்னையிலேர்ந்து எந்தச் சாக்குல எது இருக்குன்னு ஆண்டவனுக்குக் கூடத் தெரியாது. புது லைப்ரரி முடிஞ்சாத்தான் பிரிச்சு அடுக்குவோம்னுட்டாங்க.

இப்ப மேடத்துக்கு வாங்க. யூனிவர்சிட்டியில கட்டடப் பிரிவுல இன்ஜினியரு. எங்க வேலையை மேற்பார்க்கிறவங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கோவம் வந்தாக் கூட குரல் ஏறாது, மூக்கு மட்டும் சிவக்கும். பெரிய படிப்பு இல்லைன்னு சொல்லி இவங்களுக்குக் கீழ இருந்தவரை இவங்களுக்கு மேல உக்கார வச்சுட்டாங்க. அவரு கையெழுத்துக்கு இவங்க ஃபைலைத் தூக்கிட்டுப் போய் நிக்கணும். அதனால வேலை பார்த்துக்கிட்டே ஒரு படிப்பு சேர்ந்தாங்க. கட்டுமானத்தை எப்படி நிர்வாகம் பண்றதுன்னு அதுக்குன்னே ஒரு படிப்பு. எல்லாப் பரிச்சையும் பாஸ். கடைசியா ஒரு ரிப்போர்ட்டு குடுக்கணும். என்ன தலைப்பு எடுத்தாங்க தெரியுமா? கட்டடங்கள் ஏன் தாமதமாகுது. அதுக்கு உதாரணம் எங்க கட்டடம்.

ஏழு வருஷத்துக்குள்ள குடுத்துடணும்னு சட்டமாம். இந்த ஜனவரி முப்பத்தொண்ணோட ஏழு வருஷம் முடியுது. அன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுக்கலைன்னா மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து படிக்கிற மாதிரி. அதை ஒருநாள் டீ குடிக்கும்போது சாதாரணமாச் சொன்னாங்க. சொல்லிட்டு டீயைக் குடிக்காமலே கீழ வச்சுட்டாங்க. அன்னைக்கு நான் முடிவு பண்ணேன் சார், என்ன ஆனாலும் சரி, இந்தப் பிள்ளை ரிப்போர்ட்டை முடிக்கிறதுக்கு என் ஆளுங்க பதினாலு பேரும் கூட நிக்கணும்னு.

அவங்களுக்கு வழிகாட்டி ஒரு பேராசிரியர். சந்தானகோபாலன் சார். நல்ல மனுஷன், ஆனா ஆதாரக்காரரு. முந்தின வருஷம் அவருகிட்ட பசங்க குடுத்த ரிப்போர்ட்டுல ஒரு கூத்து நடந்திருக்கு. எல்லாரும் போன்ல கேட்டு எழுதிட்டாங்க. போனு இருக்கே, கேட்டதுக்கெல்லாம் புஸ்தகம் பேரு, எழுதினவரு பேரு, பக்கம் நம்பரு எல்லாம் அழகாச் சொல்லுதாம். என்ன ஒண்ணு, அப்படி ஒரு புஸ்தகமே உலகத்துல கிடையாதாம். ஒரு பையன், சந்தானகோபாலன் சாரே எழுதினதுன்னு ஒரு புஸ்தகத்தைப் போட்டிருக்கான். அவரும் ஒருவேளை எழுதி மறந்துட்டோமோன்னு வீட்டுப் பரண் பூரா ரெண்டு நாள் தேடியிருக்காரு.

அதுக்கப்புறம் மனுஷன் கறாரா ஆயிட்டாரு. ரிப்போர்ட்டுல ஒரு வரி எழுதினா அதுக்கு ஒரு ஆதாரம். அந்த ஆதாரம் உள்ள புஸ்தகம் அவரு மேசைக்கு வரணும். அவரு கண்ணால பக்கத்தைப் பார்க்கணும். நாப்பது புஸ்தகம். புஸ்தகம் எல்லாம் எங்க இருக்கு? எங்க ஷெட்டுல, சாக்குல.

லைப்ரரி முடிஞ்சாத்தான் புஸ்தகம் கிடைக்கும். புஸ்தகம் கிடைச்சாத்தான் லைப்ரரி ஏன் முடியலைன்னு எழுதலாம். இதை நான் மேடத்துகிட்ட சொன்னேன். அவங்க மூக்கு சிவந்துச்சு. சரி, சாக்கைப் பிரிப்போம்னுட்டேன்.

மொதல்ல அவங்க எழுதினது நான் சொன்னதைத்தான். மழைக்காலத்துல ஈர மணலு உப்பிக்கும், அளந்து போட்டா அளவு ஏமாத்தும், கலவை கெட்டுப்போகும், மறுபடி செய்யணும், நாள் போகும். இது எங்க தொழில்ல பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அந்த வரிக்குக் கீழ சந்தானகோபாலன் சாரு சிவப்பு மையில கோடு போட்டு ஆதாரம் எங்கன்னு எழுதி அனுப்பிட்டாரு. மேஸ்திரி சொன்னாருன்னு மேடம் சொல்லியிருக்காங்க. மேஸ்திரி ஆதாரம் இல்லைன்னுட்டாரு. நாலு நாள் தேடினோம் சார். இருநூத்திச் சொச்சம் சாக்கு. கடைசியில செத்துப்போன ஒரு வெள்ளைக்காரரு, படமெல்லாம் போட்டு, ஈர மணல் உப்பும்னு எழுதியிருந்தாரு. அதை அவரு மேசையில கொண்டுபோய் வச்சதும் சரின்னுட்டாரு. நான் சொன்னா ஆதாரம் இல்லை, வெள்ளைக்காரரு சொன்னா ஆதாரம். அந்த மனுஷன் நம்ம ஊரு மழையைப் பார்த்திருப்பாரா?

எங்க ஆளுகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எப்படித் தேடினோம்னு கேளுங்க. மேடம் காலையில வந்து பூசாத மேற்குச் சுவர்ல கரிக்கட்டையால புஸ்தகத்தோட பேரைப் பெருசா எழுதிடுவாங்க. சித்தாளுங்க அதைக் கோலம் பார்க்கிற மாதிரி பார்த்து மனசுல ஏத்திக்குவாங்க. முதல்ல ஒரு வளையம், அப்புறம் ரெண்டு கம்பு, அப்புறம் ஒரு பாம்பு. அப்படியே சாக்கைப் பிரிச்சு அட்டையை ஒத்துப் பார்க்கிறது. பஞ்சவர்ணம்தான் சித்தாளுங்களுக்குத் தலைவி. இருபது வருஷமா என்கூட வேலை பார்க்குது. அதுக்கு ஒரு மாசத்துல அட்டையை மோந்து பார்த்தே இது கெமிஸ்ட்ரி, இது சட்டம்னு சொல்ற அளவுக்கு வந்துடுச்சு. தகவல் பரவி மத்த பிரிவுலேர்ந்தெல்லாம் பிள்ளைங்க வர ஆரம்பிச்சாங்க. ஒருநாள் ஒரு டாக்டர் பட்டத்துக்காரரு சாக்கைக் கொட்டிப் பரப்பிட்டாரு. பஞ்சவர்ணம் தலைச் சும்மாட்டை இறக்கி வச்சுட்டு, படிச்சவரா இருந்தா எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதான்னு கேட்டுச்சு. அவரு எல்லாத்தையும் அடுக்கிட்டுப் போனாரு.

நாள் கணக்கு நான் ஒரு தூண்ல வச்சிருந்தேன். கட்டட வேலை நடந்த நாளுக்கு நேர்கோடு. புஸ்தகம் தேடின நாளுக்குச் சாய்வுக் கோடு. எதுக்குன்னா, காண்ட்ராக்டர் வந்து ஏன் சுவர் ஏறலைன்னு கேட்டா காட்டணும்ல. கேட்டாரு. சாய்வுக் கோடு என்னன்னாரு. ஆராய்ச்சின்னேன்.

இப்படி முப்பத்தொன்பது புஸ்தகம் எடுத்துட்டோம். பொங்கலுக்கு முன்னால. ஜனவரி பன்னெண்டாம் தேதி பெரிய ஹாலுக்குத் தளம் போட்டோம். தளம் போடுற அன்னைக்கு எங்க தொழில்ல ஒரு கண்டிப்பு உண்டு. கலவை மிஷின் சுத்த ஆரம்பிச்சா கடைசிச் சட்டி கொட்டுற வரைக்கும் நிறுத்தக் கூடாது. பாதியில நின்னா அந்த இடத்துல ஒட்டுப் போட்ட மாதிரி ஆயிடும், காலத்துக்கும் ஒழுகும். சோறு தண்ணி கிடையாது. முடிஞ்சப்புறம்தான் பாயாசத்தோட சாப்பாடு. தளத்துக்குக் கீழ பலகையைத் தாங்குறதுக்கு முட்டுக் கொடுத்திருப்போம். சவுக்குக் கம்பு. இருநூறு முட்டு. உள்ள போனா காட்டுக்குள்ள போன மாதிரி இருக்கும்.

கொட்டிக்கிட்டு இருக்கும்போது ஒரு முட்டுக்கு அடியில மண்ணு இறங்கிடுச்சு. கம்பு தொங்குது. மேல பலகை சத்தம் போடுது. கட்டை வச்சா ஆடுது. செங்கல்லு வச்சா ஒரு விரல் கூடிப் போகுது, கம்பு உள்ள ஏறவே மாட்டேங்குது. மேல சட்டி சட்டியா கொட்டிக்கிட்டே இருக்காங்க. யோசிக்க நேரம் இல்லை. அந்த நேரத்துல எவனோ ஒருத்தன் பக்கத்து ஷெட்டுக்கு ஓடி, சாக்குல கைய விட்டு, அகப்பட்டதுல தடியா இருந்த ஒண்ணை எடுத்து வச்சு, கம்பை நிறுத்தி ஆப்பு அடிச்சிருக்கான். அளவு எடுத்துத் தைச்ச மாதிரி உக்காந்துச்சாம். நல்ல வேளை, சிமெண்டுத் தண்ணி படாம ரெண்டு சுத்து பாலிதீன் சுத்தி வச்சிருந்தான். விவரமான ஆளுதான், அவன் யாரா இருந்தாலும்.

இது நடந்தது பன்னெண்டாம் தேதி. பொங்கல் முடிஞ்சு இருபதாம் தேதி மேடம் வந்து சுவர்ல நாப்பதாவது பேரை எழுதினாங்க. சந்தானகோபாலன் சாரு டாக்டர் பட்டத்துக்கு எழுதின புஸ்தகம். அவரு சொல்லியிருக்காரு, தாமதத்தைப் பத்தி எழுதுறவங்க இதைப் பார்க்காம எழுதவே கூடாதுன்னு. கடையில கிடைக்காது. ரெண்டே பிரதி. அவரு வீட்டுல இருந்ததைக் கரையான் தின்னுடுச்சு. இன்னொண்ணு லைப்ரரிப் பிரதி. பச்சை அட்டை, முதுகுல தங்க எழுத்து, தடியா இருக்கும்னு மேடம் கையால அளவு காட்டினாங்க.

எனக்கு அன்னைக்குன்னு பார்த்து வயித்தைக் கலக்கிச்சு. சைட்டு ஓரமாப் படுத்துட்டேன். மூணு நாளும் அப்படித்தான். ஆளுங்க பதினாலு பேரும் ஆயிரத்து நூறு சாக்கையும் மறுபடி பிரிச்சாங்க. மேடம் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எட்டு நாள்தான் இருக்குன்னு மட்டும் ஒருதடவை சொன்னாங்க.

மூணாம் நாள் சாயங்காலம், கீழ விழுந்த கட்டுக்கம்பி பொறுக்குறதுக்குப் பஞ்சவர்ணம் முட்டுக் காட்டுக்குள்ள குனிஞ்சு போச்சு. அப்புறம் வெளிய வந்து மேடத்துகிட்ட போகாம நேரா எங்கிட்ட வந்து நின்னுச்சு.

"வயிறு இப்பத் தேவலையா மேஸ்திரி?"

தேவலைன்னேன். எந்திரிச்சு உக்காந்தேன். அப்புறம்தான் மேடத்தைக் கூப்பிட்டுச்சு.

இப்ப சிக்கல் என்னன்னா சார், தளம் போட்டு இருபத்தொரு நாளைக்கு ஒரு முட்டைக் கூடத் தொடக்கூடாதுன்னு உத்தரவு. உத்தரவு போட்டது யாரு? மேடமேதான். கையெழுத்துப் போட்ட காகிதம் வாசல்ல ஒட்டியிருக்கு. இருபத்தொரு நாள் முடியுறது பிப்ரவரி ரெண்டு. ரிப்போர்ட்டுக்குக் கடைசி நாள் ஜனவரி முப்பத்தொண்ணு. ரெண்டே ரெண்டு நாள் இடிக்குது.

நான் சொன்னேன், மேடம், பக்கத்துல இன்னொரு முட்டைக் குடுத்துட்டு இதை உருவிடலாம், பத்து நிமிஷ வேலை, நான் எத்தனையோ தடவை பண்ணியிருக்கேன்னு. மேடம் என்னையே பார்த்தாங்க. எந்தப் புஸ்தகத்துல அப்படி இருக்குன்னாங்க. அதுவும் வந்துடுச்சு பாருங்க, அவங்களுக்கும். சரின்னு புஸ்தகத்துக்கு மேல நிக்கிற முட்டை எடுக்கலாமான்னு சொல்ற புஸ்தகத்தை ரெண்டு நாள் தேடினோம். ஒண்ணுக்கு ரெண்டு கிடைச்சுச்சு. ஒண்ணு எடுக்கலாம்னுச்சு. இன்னொண்ணு கூடவே கூடாதுன்னுச்சு. மேடம் ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. அப்புறம், என் கையெழுத்தை நானே மீறிட்டு நான் எந்த முகத்தோட தாமதத்தைப் பத்தி எழுதுறது மேஸ்திரின்னாங்க. எனக்கு என்னமோ பண்ணுச்சு சார். வயிறு இல்லை, இது வேற.

புஸ்தகம் மேசைக்கு வராதுன்னு சந்தானகோபாலன் சாருகிட்ட போய்ச் சொன்னாங்க. ஏன் வராது, படுத்தா கிடக்குன்னு கேட்டிருக்காரு. ஆமா சார், படுத்துத்தான் கிடக்குன்னிருக்காங்க.

இருபத்தேழாம் தேதி அவரே வந்தாரு. வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. குனிஞ்சு குனிஞ்சு முட்டுக் காட்டுக்குள்ள வந்தாரு. தளம் இறுகுறதுக்காக மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தியிருக்கோம், சொட்டு சொட்டா ஒழுகுது. அவரு கழுத்துல விழுது. துடைக்கக் கூட இல்லை. பஞ்சவர்ணம் ஒரு சாக்கை விரிச்சுப் போட்டுச்சு. மனுஷன் அதுல குப்புறப் படுத்து, டார்ச் அடிச்சு, பாலிதீனைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாரு. அவரு பேரு தெரியுது.

யாரு வச்சதுன்னாரு. எவனோ ஒருத்தன் சார், ஆளு வேலையை விட்டுப் போயிட்டான்னேன். பஞ்சவர்ணத்துக்கு இருமல் வந்துச்சு.

அவரு திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டலை. படுத்த வாக்குலயே மேடத்துகிட்ட, இது மேல எவ்வளவு பாரம் இருக்கும்னாரு. மேடம் விரல் விட்டு எண்ணி, ஐநூறு கிலோவுக்கு மேல இருக்கும் சார்னாங்க. நல்ல பைண்டிங்குன்னாரு. அதுக்கப்புறம் ரொம்ப மெதுவா, எங்க யாருகிட்டயும் சொல்லாத மாதிரி, "இருபத்தாறு வருஷமா இதை யாரும் எடுத்ததே இல்லை"ன்னாரு.



எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டாரு. சரி, பார்த்தாச்சு, உங்களுக்கு வேண்டிய இடம் நூத்திப் பன்னெண்டாம் பக்கம், மேலேர்ந்து மூணாவது பத்தி, நான் சொல்றேன் எழுதிக்கோங்கன்னாரு. மேடம் நோட்டைத் திறந்தாங்க. பேனாவை வச்சாங்க. அப்புறம் நிமிர்ந்து பார்த்தாங்க. வேணும்னு கேக்கலை சார், சத்தியமா. ரெண்டு வருஷப் பழக்கம், வாயில தானா வந்துடுச்சு.

"சார், அதுக்கு ஆதாரம்?"

எழுதினவரே அவருதான். ஆனா பக்கம் தெரியலையே. பக்கத்து மேல ஐநூறு கிலோ இருக்கே. போட்ட சட்டமும் அவரோடது. தன் புஸ்தகத்தை ஒரு தடவை பார்த்தாரு, மேல தளத்தை ஒரு தடவை பார்த்தாரு. கடைசியில, நேரில் சொன்னதுன்னு போடுங்க, என் பேரு, தேதி, அப்படி ஒரு வழி இருக்குன்னாரு.

அப்படி ஒரு வழி இருக்கா சார்னாங்க மேடம். இருக்கு, நான்தான் யாருக்கும் விடுறதில்லைன்னாரு.

மேடம் மூக்கு சிவந்துச்சு. குரல் ஏறலை. "அப்ப மேஸ்திரி சொன்னதெல்லாம் சார்?"

அவரு முட்டுக் கம்புங்களுக்கு நடுவுல என்னைத் தேடிப் பார்த்தாரு. உங்க பேரு என்னன்னாரு. அழகுமலைன்னேன். எழுத்துக்கூட்டி வாங்கி அவரு கையாலயே மேடம் நோட்டுல எழுதினாரு.

அவ்வளவுதான் சார். ரெண்டு வருஷமா சிவப்பு மையில அடிச்சது பூரா நாலு நாள்ல திரும்பி வந்துடுச்சு. மணலு, மழை, ரெண்டு பக்கப் படி எல்லாம். கீழ என் பேரு. மேடம் தூண்கிட்ட நின்னு, மேஸ்திரி, நம்ம ஆளுங்க மொத்தம் எத்தனை நாள் புஸ்தகம் தேடினாங்கன்னு கேட்டாங்க. சாய்வுக் கோட்டை எண்ணிச் சொன்னேன். முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு ரிப்போர்ட்டைக் குடுத்தாச்சு. ரெண்டாம் தேதி முட்டைப் பிரிச்சோம். தளம் ஒரு கீறல் இல்லை. புஸ்தகமும் அப்படியே இருக்கு, அட்டை மேல மட்டும் வட்டமா ஒரு பள்ளம். இருங்க, காட்டுறேன். பார்த்தீங்களா? கம்பு உக்காந்த தடம். பின் அட்டையில எடுத்தவங்க பேரு எழுதுற சீட்டு இருக்கு பாருங்க, பூரா காலி. ஒரே ஒரு பேரு, மேல. லைப்ரரிக்காரரு பேரு எழுதாம வெளிய விட மாட்டேன்னுட்டாரு. அதனால இருபத்தாறு வருஷத்துல இதை எடுத்த முதல் ஆளு நான்தான்.

இதோ, ரிப்போர்ட்டுல என் பேரு வர்ற பக்கத்தை மேடம் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாங்க. சட்டைப் பையிலேயே வச்சிருக்கேன். இங்க இருக்கு பாருங்க என் பேரு, முதல்ல ஒரு கூடாரம், அப்புறம் ஒரு கம்பு. சுவர்ல பார்த்துப் பார்த்து அது வரைக்கும் தெரியும். மேல என்ன எழுதியிருக்குன்னு இன்னும் யாரையும் கேக்கலை. நீங்க இங்கிலீஷ் படிப்பீங்கல்ல, கொஞ்சம் சொல்லுங்க சார். ஈர மணலா?

இல்லையா?

ம்.

மெதுவாச் சொல்லுங்க, பஸ் சத்தத்துல கேக்கலை. கட்டடம் தாமதமானதுக்கு... அட, மணலை விடப் பெரிய காரணமா? தொழிலாளர்களை வேலையிலேர்ந்து நிறுத்திப் புஸ்தகம் தேட விட்டது. விட்டது யாரு? தலைமைக் கொத்தனாரு. எத்தனை நாளு போட்டிருக்கு? முப்பத்திநாலு. ஆதாரம், அழகுமலை, நேரில் சொன்னது.

ம்.

குடுங்க சார், மடிச்சு வச்சுக்கிறேன். நீங்க எதுக்கு சங்கடப்படுறீங்க. எழுதினது சரிதானே. இது வரைக்கும் எனக்கு உறைக்கலை, அவ்வளவுதான். பதினாலு பேரை நிறுத்தினது நான்தான். மேடம் மறைக்காம எழுதியிருக்காங்க, அவங்க வேலை அது.

ஆனா சார், அந்த முப்பத்திநாலு தப்பு.

முப்பத்தேழு. மூணு நாள் விட்டுப் போச்சு. தூண்ல அந்த மூணு நாளைக்குக் கோடே கிடையாது. போடக் கை வரலை. மேடம் இருபதாம் தேதி சுவர்ல பேரை எழுதும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பச்சை அட்டைன்னாங்க, தங்க எழுத்துன்னாங்க, எனக்குத் தெரியாதா? பாலிதீன் சுத்தினவனுக்குத் தெரியாதா? அன்னைக்கே சொல்லியிருந்தா அவங்க மூணு நாள் பட்டினி கிடந்திருக்க வேண்டாம். வாய் வரலை சார். இருந்த பதினோரு நாள்ல மூணு நாளைத் தின்னுட்டேன். படுத்துக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்தேன், சாக்கைப் பிரிக்கிறதையும் கட்டுறதையும்.

நாலு பெரிய ஆளுங்க உக்காந்து இந்தக் கணக்குக்கு ஆதாரம் என்னன்னு கேப்பாங்க. அவங்க என் பேரைச் சொல்லுவாங்க. என் பேருக்கு மேல தப்பு இருக்கக் கூடாது சார். அவங்களுக்கு மார்க் குறையுமா இதனால? குறையாதா? சரி. குறைஞ்சாலும் சொல்லித்தான் ஆகணும். பின்னால உக்காரலாம்னுதான் சொன்னாங்க, எந்திரிச்சுப் பேசலாமான்னு கேக்கலை. பேசுவேன். நேரில் சொன்னா ஒத்துக்குவாங்கல்ல.

யூனிவர்சிட்டி வந்துடுச்சு. கண்டக்டர், இருங்க, பெரிய பை இருக்கு. சார், அந்தப் புஸ்தகத்தை ஒரு கை பிடிச்சு விடுங்க. கவனமா. ஆமா, செங்கல்லு மாதிரித்தான். ஒரு விரல் கம்மி.